பிழை விட்டது அவன், காணி ஆருக்கு? தாபரிப்பு, விவாகரத்து, பேசித் தீர்க்கிறது: எது எடுபடும்

பிழை விட்டது என்ர தம்பி. அதை முதல்லயே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், பேந்து ஆரும் "அண்டைக்கு அவவின்ர பக்கம் நிண்டு எழுதினவ" எண்டு சொல்லக்கூடாது, நான் அவவின்ர பக்கம்தான், அவ எண்டா என்ர மச்சாள், தம்பின்ர மனுசி. கலியாணம் முடிச்சுப் பதினாறு வருசத்துக்குப் பிறகு தம்பி வவுனியாப் பக்கம் வேலைக்குப் போய் அங்க வேற ஒரு பொம்பிளையோட வீடெடுத்து இருக்கத் தொடங்கினவன், அம்மா இண்டைக்கும் அதை "வேலைக்குப் போன இடத்தில தங்கி இருக்கிறான்" எண்டுதான் சொல்லுவா.

விசயம் தெரிஞ்ச கிழமை மச்சாள் எங்கட வீட்டுக்கு வந்தவ. கையில ஒரு சொப்பிங் பை, அதுக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள பொலித்தீனில சுத்தி ரப்பர் பாண்ட் போட்ட காணி பேர்மிட், அரசாங்கக் காணியில இருக்கக் குடுக்கிற அனுமதிப்பத்திரம். 2009இல கடைசி யுத்தத்துக்குள்ள மாத்தளன் மட்டும் இடுப்பில கட்டிக்கொண்டு போய், மெனிக் பாம் அகதி முகாமில தலைமாட்டில வைச்சுப் படுத்து, திரும்பவும் ஊருக்குக் கொண்டு வந்த பேப்பர் அது. அதைப் பிரிச்சு என்ர முன்னால வைச்சுட்டுக் கேட்டா, "அக்கா, பிழை விட்டது அவர்தானே, அப்ப காணியும் வீடும் எனக்குத்தானே வரும்?"

பேர்மிட்டில இருந்த பேர் தம்பின்ர. காப்பாத்திக் கொண்டு திரிஞ்சது அவ, பேர் அவன்ர. எனக்கு அண்டைக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு வருசமா லோயர், கோட்ஸ், டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்), சட்ட உதவி ஆணைக்குழு எண்டு அவவோட சேந்து அலைஞ்சதில விளங்கினதைத்தான் எழுதிறன். நான் லோயர் இல்லை, இதை வாசிச்சிட்டு ஒருக்கா லோயரிட்டப் போய்க் கேட்டுத்தான் முடிவெடுக்க வேணும், ஆனா என்னத்தைக் கேட்க வேணும் எண்டு தெரிஞ்சுகொண்டு போனா நல்லது.

முதல்ல ஒரு விசயம், இது விளங்காமத்தான் எங்கட சனம் கன பேர் ஏமாறுது. மற்றவர் கள்ளத்தொடர்பு வைச்சிருந்தா அது விவாகரத்து எடுக்கக் காரணம், அவ்வளவுதான். அதுக்காகக் காணி தானா உங்கட பேருக்கு வராது. இன்னொருத்தியோட இருக்கிறது இலங்கையில கிரிமினல் குற்றமும் இல்லை, பொலிஸில போய் "பிடிச்சு உள்ள போடுங்கோ" எண்டா ஏலாது (முதல் கலியாணம் முறியாமல் ரெண்டாவதைப் பதிஞ்சா அது குற்றம், அது வேற கதை). காசு எவ்வளவு, காணி ஆருக்கு எண்டிறதெல்லாம் எந்தக் கோட்ஸுக்குப் போறீங்கள், பேப்பரில ஆற்ற பேர் இருக்கு, இடையில எதில ஒப்பம் வைச்சனீங்கள், இந்த மூண்டிலதான் கிடக்கு.

போறதுக்கு நாலு பாதை இருக்கு. விவாகரத்து எடுக்காமல் நீதவான் நீதிமன்றத்தில தாபரிப்பு, அதாவது சீவியச் செலவுக்கு மாதக்காசு, மட்டும் கேட்கலாம், மாவட்ட நீதிமன்றத்தில விவாகரத்துக்கே போகலாம், அதே கோட்ஸில கலியாணத்தை முறிக்காமல் சட்டப்படி பிரிஞ்சு இருக்கத் தீர்ப்பு எடுக்கலாம், இல்லாட்டி ரெண்டு பக்கமும் இருந்து கதைச்சு எழுதி முடிக்கலாம். எங்கட ஊரில முதல்ல எல்லாரும் தள்ளிவிடுறது இந்தக் கடைசிப் பாதையிலதான். ஆபத்தும் அதிலதான் கூட, அதைக் கடைசியாச் சொல்லுறன்.

தாபரிப்பு எண்டிறது 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். அதுக்கு முதல் 1889இல வெள்ளைக்காரன் கொண்டு வந்த சட்டம்தான் நூறு வருசத்துக்கு மேல ஓடினது. புதுச் சட்டத்தில புருசன், பெண்சாதி ரெண்டு பேரும் கேட்கலாம். வசதி இருந்தும் பாக்காமல் விட்டிட்டார், என்னால என்னைப் பாத்துக்கொள்ள ஏலாமக் கிடக்கு, இந்த ரெண்டையும் காட்ட வேணும், மாதாமாதம் இவ்வளவு எண்டு நீதவான் கட்டளை போடுவார். இதில "அவர் இன்னொருத்தியோட இருக்கிறார்" எண்டு நிரூபிச்சுத்தான் ஆக வேணும் எண்டில்லை, பாக்கேல்ல எண்டிறதுதான் விசயம். ஆதாரம் தேடி வவுனியாவுக்கு பஸ் ஏறி ஒளிச்சு நிண்டு போட்டோ எடுக்கிற வேலை இந்தக் கோட்ஸுக்குத் தேவையில்லை. மச்சாள் அதுக்கும் ஒருக்கா வெளிக்கிட்டவ, நான்தான் மறிச்சனான்.

ஆனா அதே சட்டத்தில ரெண்டு பொறி இருக்கு. கேட்கிற ஆள் சோர வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தா அவருக்குத் தாபரிப்பு இல்லை. ஒருக்கா நடந்த தவறு வேற, இன்னொருத்தரோட குடும்பமா வாழுறது வேற, சட்டம் சொல்லுறது ரெண்டாவதை. அதால புருசன் விட்டிட்டுப் போன கோவத்தில, இல்லாட்டித் தனிமையில, வழக்கு முடிய முதல் வேற ஒருத்தரோட சேந்து வாழத் தொடங்கினா உங்கட மாதக்காசு போகும். நியாயமோ எண்டு கேட்டா எனக்கும் கோவம்தான் வருது, காசு குடுக்க வேண்டியவன் சோரம் போனா அவனுக்கு அந்த வரியால ஒண்டுமில்லை, கேட்கிறவள் போனா எல்லாம் போச்சு.

ரெண்டாவது பொறி இன்னும் மோசம், அது ஒழுக்கம் சம்பந்தப்பட்டதே இல்லை. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சு இருந்தா தாபரிப்புக் கட்டளை போட ஏலாது எண்டு அதே வரியில கிடக்கு. எங்கட ஊர் வழமையை யோசிச்சுப் பாருங்கோ, சண்டை எண்டோண்ண என்ன செய்யிறவை? பொலிஸுக்குப் போறது, அங்க ரெண்டு பேரையும் இருத்தி வைச்சுக் கதைச்சு "சரி, ரெண்டு பேரும் விருப்பப்பட்டுப் பிரிஞ்சு இருக்கிறம், இனி ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு செய்யமாட்டம்" எண்டு எழுதி ஒப்பம் வாங்கிறது. எழுதி வைக்கிறவை கெட்ட நோக்கத்தில செய்யிறேல்ல, சண்டை தீந்தாச் சரி எண்டு நினைக்கினம். அந்தப் பேப்பர்தான் பேந்து புருசன்ர லோயர் கோட்ஸில நீட்டிற பேப்பர்.

மச்சாளும் கிட்டத்தட்ட வைச்சிட்டா. ஒரு பொலிஸ் நிலையத்தில, வாங்கில இருந்து, கொப்பியில எழுதி வாசிச்சும் காட்டிப்போட்டினம், தம்பி ஒப்பம் வைச்சிட்டான், இவவுக்குக் குடுத்த பேனை எழுதேல்ல. நூலில கட்டியிருக்கிற பேனை, ரெண்டு மூண்டு தரம் கீறிப் பாத்திருக்கிறா, வரேல்ல, வேற பேனை தேடிற நேரத்தில எனக்குப் போன் எடுத்து "அக்கா சைன் வைக்கட்டோ" எண்டு கேட்டா. எனக்கு அப்ப இந்தச் சட்டம் தெரியாது, ஏதோ மனசு சொல்லிச்சு, ஆரும் லோயரிட்டக் காட்டாமல் வைக்காதேங்கோ எண்டன். அந்தப் பேனை எழுதியிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை.

அப்பிடி எழுத வேண்டி வந்தாலும் "அவர் என்னையும் பிள்ளையளையும் விட்டிட்டு வேற வீட்டில இருக்கிறார், நான் சம்மதிக்கேல்ல" எண்டு உங்கட வாக்குமூலத்தைச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கோ. சம்மதம் எண்ட சொல்லை மட்டும் உங்கட வாயால சொல்லாதேங்கோ.

தாபரிப்பில இன்னொரு இழுபறி வருமானம். கோட்ஸுக்கு வந்தா எல்லா ஆம்பிளையளும் கூலித் தொழிலாளிதான். தம்பியும் "கூலி வேலை, கிழமையில ரெண்டு நாள்" எண்டுதான் சொன்னவன், லான்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) வைச்சு மூண்டு ஏக்கர் வயல் செய்யிறது எங்க போச்சுதெண்டு தெரியாது. மச்சாள் கமநல சேவை நிலையத்தில உரமானியத்துக்குப் பதிஞ்ச வயல் விபரம், லீசிங் கட்டின துண்டு, நெல்லு வித்த பில் எல்லாம் பொறுக்கிக் குடுத்தவ. அரசாங்க உத்தியோகம் எண்டா இவ்வளவு கஸ்டம் இல்லை, சம்பளத்தில இருந்தே கழிச்சு எடுக்கக் கட்டளை வாங்கலாம். கட்டாமல் விட்டா மறியலுக்கும் (ஜெயிலுக்கு) அனுப்ப ஏலும், அதாலதான் தவணைக்குத் தவணை எப்பிடியோ காசு வருது.

பிள்ளையளின்ர தாபரிப்பு இதில எதாலயும் கெடாது. தாய் என்ன செய்தா, தகப்பன் என்ன செய்தார் எண்டிறது பிள்ளையின்ர சாப்பாட்டைப் பாதிக்காது, 18 வயது மட்டும் கேட்கலாம், தன்னைப் பாக்க ஏலாத பிள்ளை எண்டா 18க்கும் 25க்கும் இடையிலயும் கேட்கலாம், பதியாத உறவில பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் ஆரெண்டு நிரூபிச்சாக் கேட்கலாம். தம்பிக்கு அங்க ஒரு பிள்ளை பிறந்தா அதுக்கும் அவன்தான் குடுக்க வேணும். அம்மாட்ட இதைச் சொன்னன், ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல.

இனி விவாகரத்து. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில காரணம் மூண்டுதான் இருக்கு: கலியாணத்துக்குப் பிறகு சோரம் போனது, வன்மத்தோட விட்டிட்டுப் போனது, கலியாணம் செய்யேக்கயே இருந்த மாறாத ஆண்மைக்குறைவு. "எங்களுக்குள்ள ஒத்துவரேல்ல" எண்டிறது காரணமே இல்லை. (முஸ்லிம் ஆக்களுக்கு 1951 சட்டம், காதி நீதிமன்றம், அதுக்குள்ள நான் போகேல்ல.)

சோரம் எண்டு போனா நிரூபிக்க வேணும். ஊர் கதைக்குது, பேஸ்புக்கில ஒரு போட்டோ இருக்கு எண்டிறது காணாது. ரெண்டு பேரும் ஒரு வீட்டில வாடகைக்கு இருக்கினம், பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழில தகப்பன் எண்டு அவன்ர பேர் இருக்கு, வீட்டுக்காரர் வந்து சாட்சி சொல்லுவார், இப்பிடி இருந்தா வழக்கு நிக்கும். அந்த மூண்டாம் ஆளையும் வழக்குக்குள்ள இழுக்க வேண்டி வரும், நட்டஈடு கேட்கிற வழியும் இருக்கு. ஆனா ஒண்டு, அங்க இருக்கிற பொம்பிளையும் கூலிக்குப் போற ஆளெண்டா நட்டஈடு கிடைச்சு என்ன, ஆரிட்ட வாங்கிறது? பேர்தான் நாறும். பள்ளிக்கூடம் போற பிள்ளையள் வீட்டில இருந்தா அதையும் யோசியுங்கோ.

இதில பெரியாக்கள் செய்யிற ஒரு வேலை இருக்கு. "ஒருக்கா மன்னிச்சு விடு பிள்ளை, ஆம்பிளை எண்டா அப்பிடித்தான்" எண்டு கோயிலடியில வைச்சுச் சேத்து விடுறது. அம்மாவும் செய்தவ, தீபாவளிக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் வீட்டில நிப்பாட்டினவ. தெரிஞ்சுகொண்டே மன்னிச்சுத் திரும்பவும் சேந்து வாழ்ந்தா அந்தப் பழைய பிழையைக் காரணமாக் காட்டி விவாகரத்துக் கேட்க ஏலாது, சட்டத்தில அது மன்னிச்ச பிழை. சேருறதெண்டா மனசாரச் சேருங்கோ, அது உங்கட விருப்பம், ஆனா "சும்மா நாலு நாள் இருந்து பாப்பம்" எண்டு சேருறதுக்கு விலை இருக்கு. அதே மாதிரி வழக்குப் போட்ட ஆளும் சோரம் போயிருந்தா நீதிபதி தீர்ப்புக் குடுத்துத்தான் ஆக வேணும் எண்டில்லை.

அதால எங்கட லோயர் சொன்னது, கைவிட்டுப் போனதை முதல் காரணமாப் போடுவம், சோரத்தை ஆதாரம் கிடைச்சா மேலதிகமாச் சேப்பம் எண்டு. எனக்கும் அதுதான் புத்தி எண்டு படுது. அவன் வீட்டை விட்டுப் போனதுக்கு விதானையார் (கிராம அலுவலர்) தொடக்கம் கடைக்காரர் மட்டும் சாட்சி. நீங்கதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டனீங்கள் எண்டாலும், இருக்க ஏலாதபடி செய்து வெளிக்கிடப் பண்ணினது அவர் எண்டு காட்டினா அதையும் கைவிட்டதா எடுக்க இடம் இருக்கு. தீர்ப்பு வந்தோண்ண கலியாணம் முறியாது, முதல்ல வாறது இடைத்தீர்ப்பு, குறைஞ்சது 3 மாதம் போய்த்தான் முழுத் தீர்ப்பு ஆகும். அதுக்குள்ள அடுத்த கலியாணத்துக்கு மண்டபம் புக் பண்ணினவையையும் கண்டிருக்கிறன்.

காசு எண்டு வந்தா விவாகரத்து வழக்குக்கு ஒரு பலம் இருக்கு. வழக்கு நடக்கேக்கயே இடைக்காலச் செலவு கேட்கலாம். தீர்ப்புக் குடுக்கேக்க குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்ர 615ஆம் பிரிவுப்படி நீதிபதி மாதக்காசு போடலாம், மொத்தமா ஒரு தொகை போடலாம், மற்றவற்ற சொத்தில ஒரு பகுதியை உங்கட பேருக்கோ பிள்ளையளின்ர பேருக்கோ எழுதிக் குடுக்கச் சொல்லலாம், காசைக் கட்டுறதுக்குப் பிணையாக் காணியை ஈடு வைக்கவும் சொல்லலாம். பேந்து நிலைமை மாறினா அந்தக் கட்டளையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். கள்ளத்தொடர்பு உண்மையில கொஞ்சமாவது எடைபோடப்படுறது இந்த இடத்திலதான், ஏனெண்டா எல்லாம் கோட்ஸுக்கு நியாயம் எண்டு படுறதில தங்கியிருக்கு. அதைவிட எங்கட பொதுச் சட்டம் ஒல்லாந்தக்காரன்ர காலத்து ரோமன் டச்சுச் சட்டத்தில இருந்து வந்தது, குற்றம் விட்ட ஆள் கலியாணத்தால தனக்குக் கிடைச்ச நன்மையளை இழக்க வைக்கலாம் எண்டொரு பழைய கொள்கை அதில இருக்கு. சீதனமா மாப்பிள்ளைக்குக் குடுத்த காசு, காணி ஏதும் இருந்தா வழக்குப் போடேக்கயே இதைக் கேளுங்கோ, கேட்காமல் விட்டதை ஆரும் தானாத் தரமாட்டினம்.

முக்கியமா, விவாகரத்து முடிஞ்சா நீங்க பெண்சாதி இல்லை. பிள்ளையளுக்குக் கேட்கலாம், உங்களுக்கு வேணுமெண்டா 615இல கேட்டு வாங்கியிருக்க வேணும். "முதல்ல இவனை வெட்டி விடுவம், காசை பேந்து பாப்பம்" எண்டு போன ஒரு அக்காவைத் தெரியும், காசு இண்டைக்கும் இல்லை.

இப்ப காணிக்கு வாறன், மச்சாள் கேட்ட கேள்விக்கு.

வன்னியில இருக்கிற காணியில பெரும்பகுதி உறுதிக்காணி (சொந்தப் பேரில உறுதி எழுதின காணி) இல்லை, 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த பேர்மிட் காணி, கொஞ்சப் பேருக்கு அது அளிப்புப் பத்திரமா மாறியிருக்கு. பேர்மிட்டில ஒரு பேர், குடும்பத் தலைவர் எண்டு ஆம்பிளையின்ர பேர்தான் கனக்க. பிரதேச செயலாளற்ற அனுமதி இல்லாமல் அதைக் கைமாத்த ஏலாது, கோட்ஸ் படியேறினோண்ண பாதி பாதியாப் பிரிச்சுத் தருவினம் எண்டு நினைக்கவும் வேண்டாம். யுத்தம் முடிஞ்சு இந்திய வீட்டுத் திட்டத்தில அஞ்சரை லட்சம் குடுத்தவை ஞாபகம் இருக்கும், அந்தக் காசோட மச்சாள் தன்ர கையால கல்லரிஞ்சு, தண்ணி சுமந்து கட்டின வீடு நிக்கிறது அவன்ர பேர்மிட் காணியில. வீட்டைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது.

இதாலதான் விவாகரத்து எடுக்காமல் இருக்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. பேர்மிட்காரர் செத்தா உயிரோட இருக்கிற வாழ்க்கைத்துணைக்கு அந்தக் காணியில இருந்து அனுபவிக்கிற உரிமை வரும், பின்னுரித்தா வேற ஆற்றயும் பேரைப் போட்டிருந்தாலும். விவாகரத்து எடுத்தா அது போச்சு. அரசாங்க உத்தியோகத்தர் எண்டா விதவைப் பென்சனும் அப்பிடித்தான். தேசவழமை எண்ட எங்கட வழமைச் சட்டத்தில தேடியதேட்டமும் அப்பிடித்தான்: கலியாணத்துக்குப் பிறகு உழைச்சு வாங்கின சொத்து ஒருவற்ற பேரில இருந்து, அவர் வித்தோ எழுதியோ குடுக்காமல் செத்தா, பாதி மற்றவருக்கு, மிச்சம் உரித்தாளியளுக்கு. உயிரோட இருக்கேக்க வித்துப்போட்டா? வித்ததுதான். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில தேடியதேட்டம் ரெண்டு பேருக்கும் சமன் எண்டு இருந்தது, 1947இல அதை மாத்திப்போட்டினம், அதால "தேசவழமைதானே, பாதி என்ர" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு இருக்காமல் உறுதியில பேரைப் பாருங்கோ.

சீதனக்காணி உங்கட சொந்தச் சொத்து, அவன் சோரம் போனாலும் போகாட்டிலும் உங்கட. நல்லா இருக்கு எண்டு நினைப்பியள். இங்கதான் எனக்கு முதல் தரம் வாசிக்கேக்க தலை சுத்தினது: தேசவழமைக்குக் கீழ வாற கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர சீதனக்காணியை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். நகை நட்டு, மாடு கண்டு எண்டாத் தேவையில்லை, காணி எண்டா வேணும். வேறொருத்தியோட வவுனியாவில இருக்கிற மனுசன் இங்க ஒட்டுசுட்டானில கிடக்கிற உங்கட அப்பா தந்த காணிக்கு ஒப்பம் வைச்சாத்தான் உறுதி எழுதிற நொத்தாரிசு உறுதி முடிப்பார். விவாகரத்து எடுத்தா இந்தக் கட்டு அறும், விவாகரத்துக்கு நான் குடுக்கிற பெரிய புள்ளி அதுதான். எடுக்காமலும் ஒரு வழி இருக்கு, அதே 1911 சட்டத்தின்ர 8ஆம் பிரிவு: புருசன் கைவிட்டிட்டார், எங்க இருக்கிறார் எண்டு தெரியாது, இல்லாட்டி நியாயமில்லாமல் சம்மதம் தரமாட்டன் எண்டு நிக்கிறார் எண்டா, மாவட்ட நீதிமன்றம் அவற்ற சம்மதம் இல்லாமலே விக்க அனுமதி தரலாம்.

எல்லாருக்கும் தேசவழமை இல்லை எண்டதையும் சொல்ல வேணும். அது வடமாகாணத்தைச் சொந்த இடமாக்கொண்ட தமிழாக்களின்ர சட்டம். 58, 77 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டில இருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியிருக்கிற சனத்துக்கு அது பொருந்துமோ எண்டிறதில வழக்குக்கு வழக்கு இழுபறி வரும். பொதுச்சட்டம்தான் எண்டா 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி பொம்பிளை தன்ர காணிக்குப் புருசன்ர ஒப்பம் கேட்கத் தேவையில்லை. லோயரிட்டக் கேட்கிற முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்.

நகையைப்பற்றியும் ஒரு சொல்லு. மச்சாளின்ர எட்டுப் பவுணும் அடகில, துண்டு தம்பின்ர பேரில. போட்டது அவவின்ர தாய், அடகு வைச்சது அவன், மீட்டா நகையைக் குடுக்கிறது துண்டில இருக்கிற பேருக்கு. கடன் மற்றப்பக்கமா, கிழமைக் கடன் எல்லாம் அவவின்ர பேரில, ஒப்பம் வைச்ச ஆள்தான் கட்ட வேணும், காசு லான்ட்மாஸ்டருக்குப் போனது எண்டு சொல்லி நுண்கடன்காரனிட்டத் தப்ப ஏலாது. இதை வழக்கில வருமானம், செலவு காட்டேக்க கட்டாயம் சொல்ல வேணும்.

சட்டப்படி பிரிஞ்சு வாழுற தீர்ப்பைப்பற்றி நீட்டத் தேவையில்லை. 615இல சொன்ன காசு, சொத்துக் கட்டளையளை அதிலயும் கேட்கலாம், கலியாணம் முறியாது, திரும்பக் கட்ட ஏலாது. சமயத்துக்காக விவாகரத்து வேண்டாம் எண்டு நிக்கிற மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனத்துக்கு அது பொருந்தலாம். மற்ற ஆக்களுக்குச் செலவு விவாகரத்துச் செலவு, கிடைக்கிறது அரைவாசி.

பேசித் தீர்க்கிறது கெட்ட வழி எண்டு நான் சொல்லேல்ல. ஒழுங்காச் செய்தா அதுதான் கெதியான வழி. ஆனா வரிசை முக்கியம். அவன் குற்ற உணர்ச்சியில இருக்கேக்க, அல்லது அங்க கலியாணம் செய்ய அவசரப்படேக்க, உங்களுக்குப் பலம் இருக்கு, அப்ப உறுதிக்காணி எண்டா நொத்தாரிசிட்ட, பேர்மிட் எண்டா டிஎஸ் ஒபிஸில, பேர் மாறின பிறகுதான் மிச்சக் கதை. "நீ முதல்ல வழக்கை வாபஸ் வாங்கு, பேந்து எழுதித்தாறன்" எண்டா எழும்பி வாங்கோ. ரெண்டு பேரும் சேந்து பொய்க் காரணம் சோடிச்சு விவாகரத்துக் கேட்டா, அது தெரிய வந்தா வழக்கைத் தள்ளுவினம். மத்தியஸ்த சபை, விதானையார், கோயில் நிருவாகம் ஒருத்தராலயும் கலியாணத்தை முறிச்சுத் தர ஏலாது.

அடி உதையும் இருந்தா கணக்கே வேற. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தில 12 மாதம் மட்டும் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், உங்களை நடுத்தெருவில விடுற மாதிரிக் குடியிருக்கிற வீட்டை விக்கவோ ஈடு வைக்கவோ விடாமல் மறிக்கவும் அதில கேட்கலாம். அது முதல், மற்றதெல்லாம் பிறகு.

ஆம்பிளையள் வாசிச்சா: பெண்சாதி இன்னொருத்தரோட வாழுறா எண்டா அவவுக்குத் தாபரிப்புக் கட்டத் தேவையில்லை எண்டிறது சரி, பிள்ளையளுக்குக் கட்டத்தான் வேணும். "கடைசிப் பிள்ளை என்ர இல்லை" எண்டு கோட்ஸில எடுத்தெறிஞ்சு கதைக்காதேங்கோ, கலியாணம் நிலைச்சிருக்கேக்க பிறந்த பிள்ளை புருசன்ர எண்டுதான் சாட்சிச் சட்டம் எடுக்கும், அந்தக் காலத்தில ரெண்டு பேரும் சேர வாய்ப்பே இருக்கேல்ல எண்டு காட்டினாத்தான் அது மாறும். கோவத்தில சொன்ன சொல்லு பிள்ளையின்ர காதில கிடக்கும்.

பதியாத கலியாணக்காரரும் எங்கட பக்கம் கன பேர், 2007, 2008இல பிள்ளையைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போகாமல் இருக்க அவசரமாத் தாலி கட்டி வைச்சது எத்தினை. பதிவு இல்லாட்டிக் கலியாணமே இல்லை எண்டு முடிவெடுக்காதேங்கோ. சடங்கு நடந்தது, ஊர் அறியப் புருசன் பெண்சாதியா வாழ்ந்தது எண்டு காட்டி வழமைக் கலியாணமா ஏற்க வைக்கலாம். ஐயர், சாட்சி, மிச்சமிருக்கிற ஒரு போட்டோ, குடும்ப அட்டை எல்லாம் பத்திரம்.

எதை எடுக்கிறது எண்டு என்னைக் கேட்டா, வருமானம் இல்லாமல் பிள்ளையளோட நிக்கிற பொம்பிளை முதல்ல நீதவான் கோட்ஸில தாபரிப்புப் போட வேணும், விவாகரத்துக்கு அவசரப்படக்கூடாது, சொத்து எல்லாம் அவன்ர பேரில இருக்கிற வரைக்கும் பெண்சாதி எண்ட பேரை விடுறது நட்டம். சொத்து உங்கட பேரில எண்டா, அதுவும் சீதனக்காணி எண்டா, கெதியா வெட்டி விடுங்கோ. அவனிட்ட உறுதிக்காணி இருக்கு, அதை வித்துக் கொண்டிருக்கிறான் எண்டாலும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேணும், விக்கிறதுக்குத் தடை கேட்டுக்கொண்டே. காசில்லை எண்டு பேசாமல் இருக்காதேங்கோ, சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு வழக்குப் பேசித் தரும்.

மச்சாள் தாபரிப்பு எடுத்திட்டா, விவாகரத்துப் போடேல்ல. போன மாதம் மூத்தவளின்ர படிப்புச் செலவுக்கு ஒட்டுசுட்டான் காணியில ஒரு துண்டு விப்பம் எண்டு வெளிக்கிட, நொத்தாரிசு தம்பின்ர ஒப்பம் கேட்டார். தம்பி எனக்குப் போன் எடுத்து, "அக்கா, வைக்கிறன், எவ்வளவு தருவா எண்டு கேட்டுச் சொல்லு" எண்டான். நான் போனை வைச்சிட்டு லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். 8ஆம் பிரிவு மனு, ரைப் பண்ணின மூண்டு பக்கம். லோயர் பேனையை நீட்ட மச்சாள் வேண்டாம் எண்டு தன்ர பையில இருந்து ஒண்டை எடுத்து, பேப்பர் ஓரத்தில ரெண்டு தரம் கீறிப் பாத்திட்டு வைச்சா.